‘முடித்தேன்’ பொத்தானுக்கு எட்டாத கை

கேள்வி: முழங்கால் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீட்டிலிருந்தபடியே பயிற்சிகளைத் தொடர உதவும் கைபேசிச் செயலி ஒன்றை ஆறு பேர் கொண்ட எங்கள் குழு உருவாக்கியிருக்கிறது. ஐந்து பயிற்சிகள், ஒவ்வொன்றும் மூன்று சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் பயனர் ‘முடித்தேன்’ என்ற பொத்தானை அழுத்தி, வலியின் அளவை 0 முதல் 10 வரை குறிக்க வேண்டும், உடனே ‘அருமை! தொடருங்கள்!’ என்ற பாராட்டு தோன்றும். முதல் வாரம் எல்லோரும் ஆர்வமாகப் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது வாரத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோர் நிறுத்திவிடுகிறார்கள். புள்ளிகள், பதக்கங்கள், விடாமல் செய்த நாட்களின் தொடர் கணக்கு, நாளுக்கு ஐந்து நினைவூட்டல்கள், உரையாடும் உதவியாளர் ஆகியவற்றைச் சேர்த்தால் ஈடுபாடு கூடும் என்று மேலாளர் கருதுகிறார். வடிவமைப்புப் பொறுப்பு என்னுடையது. நான் இத்துறையை முறையாகப் படித்தவள் அல்ல. பயனரைச் செயலியோடு கட்டிப்போடும்படி ஊடாட்டங்களை வடிவமைப்பது எப்படி? எங்கள் திரைகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த சொல் ‘கட்டிப்போடும்படி’ என்பது. நல்ல கதை நம்மைக் கட்டிப்போட்டது என்று பாராட்டாகச் சொல்வோம். கதை கேட்க வந்தவர் கதையிலேயே கட்டுண்டு கிடப்பதில் தவறு எதுவும் இல்லை. உங்கள் பயனரோ செயலிக்குள் இருப்பதற்காக வந்தவர் அல்லர்; மாடிப்படி ஏறவும், கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கவும், யாருடைய துணையுமின்றிக் குளியலறைக்குப் போய்வரவும் தன் கால் மறுபடி இசைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக வந்தவர். அவருடைய கவனம் காலில் இருக்க வேண்டும். அந்தக் கவனத்தைத் திரை தன் பக்கம் இழுத்துக்கொண்டால், உங்கள் எண்களில் ஈடுபாடு கூடியதாகத் தெரியுமே தவிர, அவர் வந்த காரியம் நடக்காது.

ஈடுபாடு என்பதை நான் மிக எளிமையாகவே புரிந்துவைத்திருக்கிறேன். மனிதர் ஒன்றைச் செய்கிறார். கருவி அதைக் கவனித்து, அந்தச் செயலுக்கே உரிய பதிலை உரிய நேரத்தில் தருகிறது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் அடுத்ததைச் செய்கிறார். இந்தப் போக்குவரத்து தடைபடாத வரையில் ஈடுபாட்டுக்கென்று தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அது தடைபட்ட இடத்தில் எதைச் சேர்த்தாலும் சில நாட்களுக்கு மேல் நிற்காது. ஆகவே பதக்கங்களைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னால், உங்கள் செயலியில் இந்தப் போக்குவரத்து எங்கே அறுபடுகிறது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய திரைகளையும் கடிதத்தையும் வைத்துப் பார்க்கும்போது, அது மூன்று இடங்களில் அறுபடுவதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது அந்த ‘முடித்தேன்’ பொத்தான். ஐந்து பயிற்சிகள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று என்றால், ஒரு வேளைப் பயிற்சியில் பொத்தானை 15 முறை அழுத்த வேண்டும்; 15 முறை வலி எண்ணையும் குறிக்க வேண்டும். உங்கள் பயனர் அப்போது எங்கே இருக்கிறார்? இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு செய்பவை. கைபேசி பக்கத்து மேசையிலோ, படம் தெரியும்படி கால்மாட்டிலோ சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பத்து முறை காலைத் தூக்கி இறக்கிய களைப்போடு அவர் முழங்கையை ஊன்றி எழுந்து, கண்ணாடியைத் தேடி அணிந்து, எட்டி, பொத்தானைத் தொட்டு, எண்ணைக் குறித்துவிட்டு மீண்டும் படுக்க வேண்டும். மருத்துவர் சொல்லாத பதினாறாவது சுற்று ஒன்றை உங்கள் செயலி அவருக்கு விதித்திருக்கிறது. அதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

ஓர் இலக்கை அடைய எடுக்கும் நேரம், அது இருக்கும் தொலைவு கூடும்போது கூடுகிறது, இலக்கின் அகலம் கூடும்போது குறைகிறது என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் அளந்து காட்டினார். இன்று திரையில் பொத்தான்களின் அளவையும் இடத்தையும் முடிவுசெய்வோர் அறிந்தோ அறியாமலோ அவருடைய விதியைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடு பரப்புக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அளவைப் பரிந்துரைக்கிறது. உங்கள் பொத்தான் அந்த அளவைத் தாராளமாகத் தாண்டுகிறது, திரையின் கீழ்ப்பகுதியில் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்திலும் இருக்கிறது. விதிப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பரிந்துரைகள் எல்லாம் கைபேசி கையில் இருக்கிறது என்ற நிலையை முன்வைத்து எழுதப்பட்டவை. உங்கள் பயனரின் கைபேசி கையில் இல்லை. நீங்கள் மேசையில் அமர்ந்து, கையில் கைபேசியை வைத்துக்கொண்டு இத்திரையைச் சரிபார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். நம் துறையில் இதைவிட அடிக்கடி நிகழும் தவறு வேறொன்றும் எனக்குத் தெரியாது.

எழுத்தின் அளவுக்கும் இதுவே பொருந்தும். 35 சென்டிமீட்டர் தொலைவில் 2 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தைச் சிரமமின்றிப் படிக்கும் ஒருவருக்கு, அதே எழுத்து 2 மீட்டர் தொலைவில் அதே அளவாகத் தோன்ற வேண்டுமானால் அது 11 மில்லிமீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது, பயிற்சி நடக்கும்போது உங்கள் திரையில் ஓர் எண்ணுக்கும் ஒரு படத்துக்கும் மேல் எதற்கும் இடமில்லை. இப்போதுள்ள திரையில் பயிற்சியின் பெயர், விளக்கம், சுற்று எண், மீதமுள்ள நேரம், முன்னேற்றப் பட்டை, அடுத்த பயிற்சியின் முன்னோட்டம் என ஆறு செய்திகள் இருக்கின்றன. அந்தத் தொலைவிலிருந்து அவற்றில் ஒன்றையும் படிக்க முடியாது.

ஆகவே கணக்கு வைக்கும் பொறுப்பைச் செயலி ஏற்கட்டும். நிறுத்தும் அதிகாரம் மட்டும் மனிதரிடம் இருக்கட்டும். பயிற்சியைத் தொடங்குவதற்கு ஒரே ஒரு தொடுதல் போதும். அதன்பின் ஒரு குரல் நிதானமாக எண்ணட்டும்: தூக்குங்கள், ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள், மெல்ல இறக்குங்கள். சுற்றுகளுக்கு இடையிலான ஓய்வையும் குரலே அறிவிக்கட்டும். ‘நிறுத்து’, ‘மெதுவாக’, ‘வலிக்கிறது’ என்ற மூன்று சொற்களை மட்டும் செயலி கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். சொற்கள் குறைவாக இருக்கும்போது பயனருக்கு அவை நினைவில் நிற்கும், கருவிக்கும் தவறு குறையும். குரலால் பேச இயலாதவருக்காகவும் கேட்க இயலாதவருக்காகவும் திரை முழுவதையுமே ஒரே நிறுத்தப் பொத்தானாக ஆக்கிவிடலாம். எங்கே தட்டினாலும் நிற்கும். எண்ணும் வேகத்தைப் பயனரே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். ஏனென்றால் முதல் வாரத்துக் காலும் நான்காம் வாரத்துக் காலும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை.

கேமராவின் மூலம் அசைவுகளைத் தானாகவே எண்ணச் செய்யலாமே என்று உங்கள் பொறியாளர்கள் கேட்கக்கூடும். என் அனுபவத்தில், அத்தகைய எண்ணிக்கை பத்தில் ஒன்றைத் தவறவிட்டாலே போதும், பயனர் மனம் கசந்துவிடுகிறார். வலியோடு காலைத் தூக்கியவரிடம் ‘நீங்கள் தூக்கவில்லை’ என்று கருவி சொல்வது சிறிய பிழை அன்று. தன் உழைப்பை மறுப்பவரை மனிதர் எளிதில் மன்னிப்பதில்லை, கருவியையும் அப்படித்தான். எண்ணிக்கை உறுதியாக இல்லாத வரை, கருவி அவருக்குத் தாளம் போடட்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது இடம், அந்தப் பாராட்டு. இதைப் பற்றிச் சற்று நீளமாக எழுத விரும்புகிறேன். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பயனர் வலியை 2 என்று குறித்தாலும் 8 என்று குறித்தாலும் உங்கள் செயலி ‘அருமை! தொடருங்கள்!’ என்றே சொல்கிறது. முதல் நாள் அது இனிமையாக இருந்திருக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கால் வீங்கி, வலி பொறுக்க முடியாமல், அவர் 8 என்று குறித்திருப்பார். அப்போதும் அதே சொல், அதே வண்ணத் தாள்கள் பறக்கும் அதே அசைவு. அந்த நொடியில் அவர் ஒன்றைத் தெரிந்துகொண்டார்: எதிரில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அதன்பின் அவர் குறிக்கும் எண்கள் வெறும் சம்பிரதாயம். நீங்கள் சேகரித்துவைத்திருக்கும் வலிப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். முதல் சில நாட்கள் ஏறியிறங்கிய எண்கள், அதன்பின் ஒரே எண்ணில் நிலைத்துவிட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அவர்களுடைய வலி நிலைத்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பதில் கிடைக்காத கேள்விக்கு யோசித்து விடை தருவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நிகழ்ந்த விபத்தை எங்கள் துறையில் இன்றும் பாடமாகப் படிக்கிறோம். அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் திறந்த ஒரு வால்வு மூடிக்கொள்ளாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அதன் வழியே உலையின் குளிர்விப்பு நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டறையில் அந்த வால்வுக்கென ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்துதான் இருந்தது. வால்வு மூடிவிட்டது என்றே பணியாளர்கள் எண்ணினார்கள். ஆனால் அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அன்று. மூடும்படி ஆணை அனுப்பப்பட்டதா என்பதை மட்டுமே. ஆணை போய்ச் சேர்ந்ததற்கும் காரியம் நடந்ததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்தப் பலகையை வடிவமைத்தவர்கள் விளக்கில் காட்டவில்லை.

உங்கள் ‘அருமை’யும் அதே வகை விளக்குதான். பொத்தான் அழுத்தப்பட்டது என்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. முழங்காலின் நிலைமை என்ன, வலி நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, பயிற்சி முழுதாக முடிந்ததா பாதியில் விடப்பட்டதா என்ற எதுவும் அதில் இல்லை. மனிதர் தன் நோக்கத்தைக் கருவியிடம் செயலாக மாற்றுவதில் ஓர் இடைவெளியும், கருவியின் நிலையைப் பார்த்து என்ன நடந்தது என்று புரிந்துகொள்வதில் இன்னோர் இடைவெளியும் உண்டு என்று வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன் 1980-களில் விளக்கினார். முதல் இடைவெளியைக் குறைப்பதில்தான் நாம் பெரும்பாலும் உழைக்கிறோம். இரண்டாவது இடைவெளியை அழகிய அசைவுகளால் மூடி மறைத்துவிட்டு, நிரப்பிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் என்ன பதில் தருவது? வலி 2 என்றால், ‘நேற்று இதே பயிற்சியில் 4 என்று குறித்தீர்கள்’ என்று சொல்லலாம். பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமலேயே அது பாராட்டைவிட ஆழமாகப் போய்ச் சேரும். ஏனென்றால் அது உண்மை, அவரைப் பற்றியது, அவர் சொன்னதைக் கேட்டவரால் மட்டுமே சொல்லக்கூடியது. வலி 8 என்றால் முதலில் பயிற்சி நிற்க வேண்டும். அதன்பின் என்ன என்பதை நீங்களோ நானோ முடிவுசெய்யக் கூடாது. எந்த அளவில் நிறுத்துவது, எந்த அளவில் சுற்றுகளைக் குறைப்பது, எந்த நிலையில் சிகிச்சையாளரைத் தொடர்புகொள்ளச் சொல்வது என்பவற்றை ஓர் இயன்முறை மருத்துவரோடு அமர்ந்து எழுத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். 15 முறை வலியைக் கேட்பதையும் விட்டுவிடலாம். பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கேட்டால் போதுமா என்று அவரிடமே கேளுங்கள். ஒரு கேள்வியைக் கேட்கும் உரிமை, அதன் விடையை வைத்து ஏதாவது செய்பவருக்கே உண்டு என்பதை நான் என் குழுவில் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

பதில் எவ்வளவு விரைவில் வர வேண்டும் என்பதற்கு நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் அளவுகள் உள்ளன. ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதிய ஆய்விலிருந்து தொடங்கி, பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எளிமைப்படுத்திய அவ்வளவுகளின்படி, 0.1 நொடிக்குள் பதில் வந்தால் தன் கையே அதைச் செய்ததாக மனிதர் உணர்கிறார். 1 நொடி வரை சிந்தனை அறுபடாமல் இருக்கிறது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறிடம் போய்விடுகிறது. ‘நிறுத்து’ என்ற சொல்லுக்கு இதில் முதல் அளவே பொருந்தும் என்று கொள்ளுங்கள். வலியில் ஒருவர் நிறுத்து என்று சொன்னபின் குரல் இன்னும் இரண்டு எண்களை எண்ணிவிட்டு நின்றால், அவர் அதை மறுபடி நம்பமாட்டார். குரலை அடையாளம் காண்பதற்குச் சிறிது நேரம் தேவைப்படும் என்றால், ஒலி எழுந்தவுடனேயே எண்ணுவதை இடைநிறுத்திவிட்டு, பிறகு சொல்லை ஆராயுங்கள். தவறாக நின்றால் தொடர்வது எளிது.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் நேரும் கேட்டுக்கு இதைவிடக் கொடிய சான்றும் உண்டு. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு மிகையான கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். மென்பொருள் பிழைகளே அடிப்படைக் காரணம் என்றாலும், இயந்திரம் பேசிய விதமும் அதில் சேர்ந்தது. ‘மால்ஃபங்ஷன் 54’ (கோளாறு 54) என்பது போன்ற, பொருள் விளங்காத எண்களைத் திரையில் காட்டி அது நின்றுவிடும். ‘பி’ விசையை அழுத்தினால் தொடரும். சிறு கோளாறுகளுக்கெல்லாம் அது அடிக்கடி அவ்வாறு நின்றுகொண்டிருந்ததால், அந்த விசையை அழுத்துவது இயக்குபவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. நானும் என் பணியின் தொடக்கத்தில், ஒரு மருத்துவமனைக்காக உருவாக்கிய பதிவுத் திரையில், ஒவ்வொரு மருந்துக்கும் ‘உறுதியாகவா?’ என்று கேட்கும்படி வைத்திருந்தேன். பின்னர் ஒரு நாள் அங்கே நின்று பார்த்தபோது, செவிலியர் அந்தக் கேள்வி தோன்றுவதற்கு முன்பே விரலை ‘ஆம்’ வரும் இடத்தில் வைத்துக் காத்திருப்பதைக் கண்டேன். அவர் கவனக்குறைவானவர் அல்லர். நூறு முறை வீணாகக் கேட்டு, அந்தக் கேள்வியைக் கவனிக்காமலிருக்க அவருக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். அன்று மாலையே அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு, வழக்கமான அளவிலிருந்து விலகும் மருந்துகளுக்கு மட்டும் எச்சரிக்கை வரும்படி மாற்றும் வேலையைத் தொடங்கினேன்.

மேலாளர் சொல்லும் ஐந்து நினைவூட்டல்களுக்கும் இதே கதிதான் நேரும். பயனர் முதலில் அவற்றைத் தள்ளிவிடக் கற்றுக்கொள்வார். பிறகு அறிவிப்புகளை மொத்தமாக அணைத்துவிடுவார். அதற்குப்பின் உங்களிடம் சொல்ல உண்மையிலேயே அவசரமான செய்தி இருந்தாலும் வழி இருக்காது. ஒன்று போதும், அதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். ‘இன்னது முடிந்ததும் இதைச் செய்வேன்’ என்று ஒருவர் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டால் அதை நிறைவேற்றும் வாய்ப்புக் கூடுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே ‘எத்தனை மணிக்கு நினைவூட்டட்டும்?’ என்று கேட்பதைவிட, ‘நாள்தோறும் தவறாமல் செய்யும் எந்த வேலைக்குப் பிறகு பயிற்சி செய்ய வசதியாக இருக்கும்?’ என்று கேளுங்கள். காலையில் பல் துலக்கிய பிறகு என்று அவர் சொன்னால், சில நாட்களில் பல் துலக்குவதே நினைவூட்டலாகிவிடும். உங்கள் அறிவிப்பு மெல்ல விலகிக்கொள்ளலாம்.

புள்ளிகளுக்கும் பதக்கங்களுக்கும் வருகிறேன். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மூவர், படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம், பரிசே அறியாத குழந்தைகள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இந்த ஆய்வைக் காட்டிப் பரிசு எல்லாமே கெடுதல் என்று வாதிடுவது நேர்மையாகாது. உங்கள் பயனர் காலைத் தூக்கி இறக்குவதில் இன்பம் காண்பவர் அல்லர். அவரிடம் கெடுவதற்கு அத்தகைய ஆர்வம் முதலிலேயே இல்லை. ஆயினும் அவரிடம் அதைவிட வலிமையான ஒன்று இருக்கிறது: நடக்க வேண்டும் என்ற ஆசை. 350 புள்ளிகள் என்ற எண்ணுக்கும் அந்த ஆசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்ற எண்ணுக்கு உண்டு. நாற்காலியில் வசதியாக அமர்ந்து எழ ஏறத்தாழ 90 பாகையாவது மடங்க வேண்டும். சிகிச்சையாளர் கோணமானியால் அளந்து சொல்லும் அளவை வாரம் ஒரு முறை பதிந்து, சென்ற வாரம் 70, இந்த வாரம் 78 என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள். எந்தப் பதக்கத்தாலும் அந்த எட்டுப் பாகையை ஈடுசெய்ய முடியாது. முன்னேற்றம் இல்லாத வாரத்தில் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். ஏன் என்று சிகிச்சையாளரிடம் கேட்பதற்கு அதுவே அவருக்குக் கிடைக்கும் காரணம்.

தொடர் கணக்கைப் பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. இதுவே நான் சொன்ன மூன்றாவது இடத்துக்கு, அதாவது இடையில் சில நாட்கள் விட்டவர் திரும்பி வரும் தருணத்துக்கு, நம்மைக் கொண்டுசெல்கிறது. 11 நாட்கள் விடாமல் செய்தவருக்கு 12-ஆம் நாள் கால் வீங்குகிறது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். அவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறார். 14-ஆம் நாள் செயலியைத் திறந்தால் தொடர் கணக்கு 0 என்று நிற்கிறது. அல்லது, இதைவிட மோசமாக, அந்த 11-ஐக் காப்பாற்றுவதற்காக வீங்கிய காலோடு பயிற்சி செய்கிறார். இவ்விரண்டில் எது நடந்தாலும் உங்கள் வடிவமைப்பு ஒரு நோயாளிக்குத் தீங்கு செய்திருக்கிறது. மொத்தமாகச் செய்த நாட்களை எண்ணுங்கள். அந்த எண் ஒருபோதும் குறையாது. ஓய்வு நாளைப் பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதியாகப் பதிய ஒரு வழி வையுங்கள்.

அதோடு, சில நாட்கள் விட்டுப்போனவர் திரும்பி வந்து திறக்கும் முதல் திரையை யாரும் தனியாக வடிவமைப்பதில்லை; உங்கள் படங்களிலும் அது இல்லை. மூன்றாவது வாரத்தில் விலகியவர்களில் பலர் ஒரே நாளில் முடிவெடுத்து விலகியிருக்கமாட்டார்கள். இரண்டு நாள் விட்டிருப்பார்கள். திரும்பத் திறந்தபோது விடுபட்ட நாட்கள் சிவப்பில் வரிசையாக நின்றிருக்கும். குற்ற உணர்வோடு மூடியிருப்பார்கள். அந்தத் திரையில் இரண்டு செய்திகள் போதும் என்பது என் கருத்து. ஒன்று, இத்தனை நாள் இடைவெளிக்குப் பின் எந்த அளவில் தொடங்குவது பாதுகாப்பானது என்று சிகிச்சையாளர் வகுத்துத் தந்த குறைந்த அளவு. மற்றொன்று, தொடங்கும் பொத்தான். காரணம் கேட்க வேண்டாம், ‘உங்களைக் காணாமல் தவித்தோம்’ என்று எழுதவும் வேண்டாம்.

அந்தக் கடைசி வாக்கியம் உரையாடும் உதவியாளரை நினைவூட்டுகிறது. 1966-இல் கணினி அறிஞர் ஜோசப் வெய்சன்பாம் வெளியிட்ட எலிசா என்ற நிரல், பயனர் தட்டச்சு செய்ததையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான் அதன் திறமை. அது உருவாவதைப் பல மாதங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேசத் தொடங்கியபின், அவரை அறையைவிட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டார் என்று வெய்சன்பாம் பதிவுசெய்திருக்கிறார். தனக்குப் பதில் சொல்லும் ஒன்றில் மனதைக் காண்பது மனித இயல்பு. இன்றைய உதவியாளர்கள் எலிசாவைவிடப் பல மடங்கு சரளமாகப் பேசுபவை. ஆகவே நம் பொறுப்பும் அத்தனை மடங்கு கூடுகிறது. ‘உங்கள் வலி எனக்குப் புரிகிறது’ என்று சொல்லும் ஒன்றிடம் நோயாளி, மருத்துவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று இருந்துவிடக்கூடும். இப்போதைக்கு அதைத் தள்ளிவையுங்கள் என்றே ஆலோசனை கூறுவேன். அந்தச் செலவில் சிகிச்சையாளருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பும் வசதியைச் செய்ய முடிந்தால், அதுவே மேல்.

இவற்றையெல்லாம் உருவாக்கிப் பார்ப்பதற்கு நிரல் எழுதத் தொடங்க வேண்டியதில்லை. ஜெஃப் ஹாக்கின்ஸ், 1996-இல் வெளிவந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்குவதற்கு முன்னால், அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால் அந்த மரத்துண்டை எடுத்து அதில் எழுதுவதுபோலச் செய்து பார்ப்பார். உங்களுக்கு அதுவும் வேண்டாம். பயனர் ஒருவரின் ஒப்புதலோடு, அவர் படுத்திருக்கும் அறையில் ஒரு கைபேசியை ஒலிபெருக்கியில் வையுங்கள். பக்கத்து அறையிலிருந்து உங்கள் குழுவில் ஒருவர் அழைப்பில் இருந்தபடி எண்ணட்டும், ‘நிறுத்து’ என்றால் நிறுத்தட்டும். கருவியின் இடத்தில் மனிதரை மறைவாக அமர்த்திச் சோதிக்கும் இம்முறை நம் துறையில் பல பத்தாண்டுகளாகப் புழங்குவது. எந்த வேகம் சரி, எந்தச் சொல் குழப்புகிறது, எங்கே மௌனம் வேண்டும் என்பதெல்லாம் ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்ற கருத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நீல்சனும் தாமஸ் லேண்டாவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வளர்ந்தது அது. அடிக்கடி தலைகாட்டும் குறைகளைக் கண்டுபிடிக்க அது நல்ல வழிதான். ஆனால் அரை மணி நேரச் சோதனையில் மூன்றாவது வாரம் தெரியாது. அதற்கு, சம்மதிக்கும் சிலரை மூன்று வாரமும் பின்தொடர வேண்டும்; நாள்தோறும் இரண்டு வரி அவர்கள் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மேலாளரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இவற்றையெல்லாம் செய்ய அவருடைய இசைவு வேண்டுமே. அவர் கவலைப்படுவது நியாயமான காரியத்துக்காகத்தான், பயனர்கள் போய்விடுகிறார்கள். ஆனால் செயலியில் செலவிடும் நேரத்தை அளவுகோலாக வைத்தால் அது உங்களைத் தவறான பக்கம் இழுக்கும். நான் சொன்ன மாற்றங்களைச் செய்தால் திரையைத் தொடும் நேரம் குறையும். அது குறையத்தான் வேண்டும். அவரிடம் வேறு மூன்று எண்களைக் கொண்டுபோங்கள்: செயலியைத் திறந்ததிலிருந்து முதல் அசைவு தொடங்கும் வரை எத்தனை நொடி ஆகிறது, சிகிச்சையாளர் எழுதித் தந்த பயிற்சியில் எவ்வளவு நிறைவேறியது, இடைவெளி விட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து தொடர்ந்தார்கள். கால் குணமானபின் பயனர் செயலியை நீக்கிவிடுவார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதை இழப்பின் கணக்கில் எழுதாமல், சிகிச்சை முடித்தவர்கள் என்று தனியாக எழுதுங்கள். அந்தக் கடைசி நாளுக்கும் ஒரு திரை வேண்டும்: முதல் வாரத்துப் பாகை, இன்றைய பாகை, தன் பதிவுகளை எடுத்துக்கொள்ள ஒரு வழி, மீதமுள்ளவற்றை அழிக்க ஒரு வழி.

பணியை எங்கே தொடங்குவது என்றால், கணினியைத் திறக்காமல் தொடங்குங்கள். நீங்களே ஒரு படுக்கையில் படுத்து, ஒரு முழங்காலை மடங்காதபடி துணியால் சுற்றிக்கொண்டு, கைபேசியைக் கால்மாட்டில் வைத்து, உங்கள் செயலியின் 15 சுற்றுகளையும் ஒரு முறை முழுதாகச் செய்யுங்கள். மேலாளரையும் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் விலகிப்போனவர்களில் பேசச் சம்மதிக்கும் ஏழெட்டுப் பேரை அழையுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் சோம்பல் என்று தம்மையே குறை சொல்லிக்கொள்வார்கள். கடைசியாகச் செயலியைத் திறந்த அன்று கால் எப்படி இருந்தது, கைபேசி எங்கே இருந்தது, திரையில் என்ன தெரிந்தது என்று கேளுங்கள்.